ஒரே தாடை, வேறு வேறு கணக்கு: முப்பரிமாண ஸ்கேனில் தாடை எலும்பை அளப்பது எப்படி?

1985-ல் அமெரிக்காவில் லாங்லைஸும் அவருடைய கூட்டாளிகளும் 6,000 தாடை எக்ஸ்ரே படங்களை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புப் பாதை சிலருக்கு இரண்டாகப் பிரிந்து போகும். அப்படி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. 57 பேர் தேறினார்கள், அதாவது 0.95 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட முழுசாக இல்லை. 2009-ல் ஜப்பானில் நைட்டோ குழுவினர் அதே கேள்வியை முப்பரிமாண ஸ்கேனில் கேட்டார்கள். நூற்றுக்கு 65 பேருக்கு இருக்கிறது என்று விடை வந்தது.

இடைப்பட்ட 24 ஆண்டுகளில் மனிதத் தாடை மாறிவிடவில்லை. சரி, ஜப்பானியர்களின் தாடை அப்படியோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. அடுத்த ஆண்டே, அதே ஜப்பானில், அதே வகை ஸ்கேனில் இன்னொரு குழு எண்ணியபோது 15.6 சதவீதம்தான் கிடைத்தது.

இந்த மாதிரி எண்கள் பல் மருத்துவமனைச் சுவரொட்டியிலும் யூடியூப் காணொளியிலும் தாராளமாகப் புழங்குகின்றன. "இந்தியர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இப்படி", "ஆண் தாடை இப்படி, பெண் தாடை அப்படி", "ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். அந்த எண் எதை அளந்து வந்தது, எதால் அளந்து வந்தது, யாரை அளந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பல் மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாடைக்குள் என்னதான் இருக்கிறது

கீழ்த்தாடை குதிரை லாட வடிவில் வளைந்த ஓர் எலும்பு. வயிற்றுக்குள் குழந்தையாக இருக்கும்போது அது இரண்டு பாதிகளாக உருவாகிறது. பிறந்து ஓராண்டுக்குள் மோவாயின் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. லாடத்தின் இரு முனைகளிலும் எலும்பு மேல்நோக்கித் திரும்பி, காதுக்கு முன்னால் மண்டையோட்டுடன் மூட்டாகச் சேர்கிறது.

மேல்நோக்கிப் போகும் அந்தப் பகுதியின் உட்புறத்தில் ஒரு துளை உண்டு. அதற்குத் தாடைத் துளை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நரம்பும் இரத்தக் குழாய்களும் இதன் வழியாக எலும்புக்குள் நுழைந்து, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே ஒரு குழாய் போன்ற பாதையில் ஓடுகின்றன. இதுதான் நரம்புக் கால்வாய். முன்கடைவாய்ப் பற்களின் அருகே, கன்னத்துப் பக்கம் இருக்கும் இன்னொரு துளை வழியாக நரம்பின் ஒரு கிளை வெளியே வந்து கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் போகிறது. அந்த இரண்டாவது துளைக்கு மோவாய்த் துளை என்று பெயர்.

கீழ்ப் பல்லைப் பிடுங்கும்போது உதடு வரைக்கும் மரத்துப்போவது இதனால்தான். தாடைத் துளைக்கு அருகில் ஊசி போட்டால் அங்கிருந்து முன்னால் உள்ள பாதை முழுவதும் அடங்கிவிடும். சிலருக்கு எத்தனை ஊசி போட்டாலும் வலி இருந்துகொண்டே இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நரம்பு வேறு ஒரு கிளை வழியாகவும் வருவது அவற்றில் ஒன்று. ஞானப்பல் எடுக்கும்போதோ, செயற்கைப் பல்லுக்காக இம்ப்ளான்ட் திருகும்போதோ இந்த நரம்பு அடிபட்டால் உதட்டின் ஒரு பக்கம் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். சிலருக்கு அது திரும்பி வராமலேயே போய்விடுவதும் உண்டு. காபி உதட்டோரம் வழிந்தாலும் தெரியாது.

ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மோவாய்த் துளை நல்ல உதாரணம். ஆசியாவில் செய்த ஆய்வுகள் பலவற்றில் அது இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே இருப்பதுதான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்தவற்றில் முதல் முன்கடைவாய்ப் பல்லுக்கும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் இருப்பது அதிகம். சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும். சிலருக்கு நரம்பு துளையைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வளைந்து திரும்பி வந்து வெளியேறும். துளையை மட்டும் பார்த்துவிட்டு "இதற்கு முன்னால் நரம்பு இல்லை" என்று துளைபோட்டால் அந்த வளைவில் போய் இடிக்கும்.

அதே மனிதரிடமே வயதுக்கு ஏற்பவும் இடம் மாறும். குழந்தையிடம் மோவாய்த் துளை தாடையின் கீழ் விளிம்புக்கு அருகில் இருக்கும். பற்கள் முளைத்து அவற்றைத் தாங்கும் எலும்பு வளர வளர, பெரியவர்களிடம் அது ஏறக்குறைய நடு உயரத்தில் இருப்பது போலத் தெரியும். பற்கள் எல்லாம் விழுந்த பிறகு மேல் எலும்பு கரைந்து இறங்கிவிடுவதால், துளை தாடையின் மேல் விளிம்புக்கே வந்துவிடும். பல்செட் கட்டிய தாத்தா பாட்டிகள் சிலர் சாப்பிடும்போது மோவாய்ப் பக்கம் சுரீர் என்று வலிக்கிறது என்பார்கள். செட்டின் அடிப்பாகம் அந்த நரம்பின் மேலேயே உட்கார்ந்து அழுத்துவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மோவாயின் உட்புறம், நாக்குப் பக்கம், நடுக்கோட்டில் சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே மெல்லிய இரத்தக் குழாய்கள் எலும்புக்குள் போகின்றன. முன்பல் இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கும்போது துளைக்கருவி உட்புறச் சுவரைக் கிழித்து அந்தக் குழாய்களை வெட்டிவிட்டால், நாக்குக்கு அடியில் இரத்தம் தேங்கி, நாக்கை மேலே தள்ளி, மூச்சுப் பாதையையே அடைக்கும். அபூர்வம்தான், ஆனால் நடந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

ஆகத் தாடையின் வெளிவடிவம் முகத்துக்கு முகம் மாறுவது போலவே, உள்ளே ஓடும் பாதைகளும் மாறுகின்றன. வெளியில் தொட்டுப் பார்த்து இவற்றைச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரே என்பது நிழல்தான்

1895-ல் ரான்ட்கன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே பல்லைப் படம் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை: ஒரு பக்கம் கதிர், மறுபக்கம் படம், நடுவில் நாம். எலும்பு கதிரை அதிகம் தடுப்பதால் அதன் நிழல் விழுகிறது. மூன்று பரிமாணம் கொண்ட பொருள் தட்டையான ஒரு படமாகிவிடுகிறது.

பல் மருத்துவரிடம் போனவர்கள் "ஓபிஜி எடுத்துட்டு வாங்க" என்பதைக் கேட்டிருப்பார்கள். காதிலிருந்து காது வரை மொத்தத் தாடையையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே அது. பின்லாந்தின் பாட்டெரோ கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்த்தெடுத்த முறை. கதிர்க்குழாயும் படத்தகடும் தலையைச் சுற்றி நகர்வதால், பல் வரிசை இருக்கும் வளைந்த ஒரு பட்டை மட்டும் தெளிவாக விழும், மற்றவை மங்கிவிடும். விலை குறைவு, கதிர் குறைவு, பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

அளக்கப் போனால்தான் சிக்கல். ஓபிஜியில் எல்லாம் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெரிதாகாது. கன்னத்துப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும் இடையே எலும்பு எவ்வளவு தடிமன் என்பது படத்திலேயே இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கால்வாய்கள் ஓடினால் நிழலில் அவை ஒன்றாகிவிடும். கால்வாயைச் சுற்றி அடர்த்தியான எலும்புச் சுவர் இல்லாவிட்டால் அதன் கோடே தெரியாது.

இன்னொரு பக்கமும் ஏமாறலாம். தாடையின் உட்பரப்பில் வேறொரு சின்ன நரம்பு பதிந்து ஓடும் ஒரு பள்ளம் உண்டு. அது எலும்புக்கு வெளியே இருப்பது. ஓபிஜியில் அதன் நிழல் கால்வாய்க்கு இணையாக விழுந்தால் "இரண்டாவது கால்வாய்" போலவே தோன்றும். 1985-ன் 0.95 சதவீதத்தில் தவறவிட்டவையும் இருக்கலாம், இல்லாததை இருப்பதாக எண்ணியவையும் இருக்கலாம். தவறவிட்டவை மிக அதிகமாக இருந்திருக்கும் என்பதுதான் பின்னால் வந்த ஸ்கேன்களைப் பார்த்தபின் நமக்குத் தெரிவது.

நிழல்களிலிருந்து முழு உருவம்

ஒரு நிழல் போதாது என்றால் பல கோணங்களில் நிழல் எடுத்தால்? சிடி ஸ்கேனின் அடிப்படை இதுதான். லண்டனில் 1971-ல் முதல் நோயாளியின் தலை இப்படிப் படமெடுக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணிதத்தை முன்பே போட்டுவைத்திருந்த கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பல் மருத்துவத்தில் இப்போது புழங்குவது அதன் தம்பி. கூம்புக்கற்றை சிடி என்று சொல்லலாம். எல்லாரும் சொல்வது சிபிசிடி. மருத்துவமனை சிடியில் விசிறி போல விரிந்த மெல்லிய கதிர் சுற்றிச் சுற்றி வந்து உடலை அடுக்கடுக்காகப் படிக்கும். சிபிசிடியில் கதிர் கூம்பாக விரிந்து மொத்தத் தாடையையும் ஒரே வீச்சில் நனைக்கும். நாம் உட்கார்ந்தோ நின்றோ இருப்போம், கருவி தலையைச் சுற்றி அரைவட்டமோ முழுவட்டமோ ஒருமுறை வரும். பத்து இருபது வினாடிகளுக்குள் பல நூறு தட்டை நிழற்படங்கள் சேர்ந்துவிடும்.

அந்தக் குவியலிலிருந்து உருவத்தைத் திரும்பக் கட்டும் கணித வழியை 1984-ல் வெளியிட்டவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர். அவர்கள் வேலை பார்த்தது ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பது எனக்குப் பிடித்த தகவல். பல்லைப் பற்றி யோசித்துச் செய்த வேலை இல்லை அது. 1990-களின் பின்பாதியில் இத்தாலியில் மொஸ்ஸோ குழுவும் ஜப்பானில் அராய் குழுவும் பல் மருத்துவத்துக்கான கருவிகளைக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கணக்கு எப்படிப் போகிறது? தாடை இருக்கும் இடம் முழுவதையும் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது கணினி. ஒரு கனசதுரத்துக்கு வாக்ஸல் என்று பெயர். ஒவ்வொரு நிழற்படத்தின் ஒவ்வொரு புள்ளியும், கதிர் வந்த வழியில் இருந்த வாக்ஸல்கள் மொத்தமாக எவ்வளவு தடுத்தன என்பதைத்தான் சொல்லும். பல கோணங்களிலிருந்து வந்த அந்த மொத்தங்களை வந்த வழியிலேயே திருப்பிப் பரப்பி, மங்கலைக் கழித்து, ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரு சாம்பல் எண் போடுகிறது. அடர்ந்த எலும்புக்கு வெள்ளை, காற்றுக்குக் கறுப்பு.

வாக்ஸலின் பக்கம் கருவியையும் அமைப்பையும் பொறுத்து சுமார் 0.08 மில்லிமீட்டரிலிருந்து 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். 8 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனத்தை 0.2 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 400 × 400 × 400, அதாவது 6 கோடியே 40 லட்சம் வாக்ஸல்கள். திரையில் அதை எந்தத் திசையிலும் வெட்டிப் பார்க்கலாம். அளவும் ஓபிஜி போல ஊதிப்போகாமல், நிஜ மில்லிமீட்டருக்கு மிக அருகில் வரும்.

சுருக்கமாக: ஓபிஜி ஒரே தட்டை நிழல். சிபிசிடி பல நூறு நிழல்களிலிருந்து கணக்குப் போட்டுக் கட்டிய கன உருவம். இரண்டும் பார்ப்பது ஒரே எலும்பை என்றாலும், அவற்றால் பார்க்க முடிந்தது வேறு வேறு.

அளவெடுக்கும்போது என்ன நடக்கிறது

கருவி நன்றாக இருந்தால் அளவும் சரியாக வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தையற்காரரை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கடையில் தோள் அளவு எடுத்தால் அரை அங்குலம் வித்தியாசம் வரும். நாடாவில் குறை இல்லை. ஒருவர் தோள் எலும்பு முடியும் இடத்தில் நாடாவை வைக்கிறார், இன்னொருவர் கை மடங்கும் இடத்தில் வைக்கிறார். அதனால்தான் விவரமானவர் "அளவுச் சட்டை கொண்டாங்க" என்கிறார். இப்போது ஊரில் நூறு பேருக்கு அளவெடுத்தால் வரும் வித்தியாசத்தில் ஒரு பங்கு தோளுக்குத் தோள் நிஜமாக இருப்பது, இன்னொரு பங்கு நாடா வைத்த கையால் வந்தது. இரண்டும் கலந்துதான் நோட்டில் ஏறும்.

தாடையிலும் அப்படித்தான். அளவு எடுக்க எலும்பின் மேல் குறிக்கும் இடத்துக்கு அடையாளப் புள்ளி என்று பெயர். மோவாய்த் துளையின் விளிம்பைக் குறிப்பது ஓரளவு எளிது. தாடை மூலையைக் குறிக்கச் சொன்னால் கஷ்டம், ஏனென்றால் அங்கே மூலையே இல்லை, ஒரு வளைவுதான் இருக்கிறது. வளைவில் "மிகவும் வெளியே தள்ளிய இடம்" எது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு இடம் கிடைக்கும்.

வெட்டும் கோணம் அடுத்த சங்கதி. ஓர் எலும்பின் நிஜத் தடிமன் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்க்குறுக்காக வெட்டிப் பார்த்தால் 10 என்றே வரும். 20 பாகை சாய்வாக வெட்டினால் 10.6 ஆகிவிடும். 30 பாகை சாய்ந்தால் 11.5. ஸ்கேன் எடுக்கும்போது தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, மென்பொருளில் தாடையின் வளைவைச் சரியாக வரையாமல் விட்டாலோ இதுதான் நடக்கும். படம் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும், எண் தப்பாக இருக்கும். மில்லிமீட்டருக்குப் பின்னால் இரண்டு தசம இலக்கம் காட்டும் மென்பொருள் இந்தத் தப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வாக்ஸலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு வாக்ஸலில் பாதி எலும்பும் பாதி காற்றும் இருந்தால் அது சாம்பல் நிறமாகத் தெரியும். எலும்பின் ஓரம் அதற்குள் எங்கே முடிகிறது என்று அளப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெல்லிய எலும்புச் சுவர் ஓரிரு வாக்ஸல் தடிமன்தான் என்றால் அது காணாமலே போகலாம்.

இத்தனையும் சேர்ந்ததுதான் அளவீட்டுப் பிழை. பிழை என்றால் யாரோ அசட்டையாக வேலை செய்தார்கள் என்று பொருள் இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் இருக்கும். அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழி சாதாரணமானதுதான்: அதே ஸ்கேன்களைச் சில வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல், அதே ஆள் மறுபடி அளக்க வேண்டும். வேறொருவரும் தனியாக அளக்க வேண்டும். இரண்டு தடவைக்கும் இடையில் வரும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர் என்றால், இரு மனிதர்களின் தாடைக்கு இடையே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்ற கூற்றுக்குப் பெரிய மதிப்பில்லை. நிறையப் பேரை அளந்து சராசரி எடுத்தால் அங்கும் இங்குமாகச் சிதறும் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை, சாய்ந்த வெட்டு போன்றது, ஆயிரம் பேரை அளந்தாலும் போகாது.

மறு அளவீடு செய்தார்களா என்று ஒரு வரிகூட இல்லாத தாடை ஆய்வை நான் பாதியில் மூடி வைத்துவிடுவேன்.

1, 15, 65: இப்போது பார்க்கலாம்

முதலில் சொன்ன மூன்று எண்களுக்குத் திரும்புவோம். 1985-க்கும் 2009-க்கும் இடையிலான பெரிய தாவலுக்குக் கருவிதான் முக்கியக் காரணம். நிழலில் மறைந்திருந்த சின்னக் கிளைகள் கன உருவத்தில் வெளியே வந்தன.

ஜப்பானின் 65-க்கும் 15.6-க்கும் கருவி மட்டும் காரணமாக முடியாது. முதலில், எண்ணியது எதை? 65 என்பது ஆட்களின் கணக்கு. தாடைக்கு இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த ஆள் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதே ஆய்வைப் பக்கங்களாக எண்ணினால் 43 சதவீதம்தான். 15.6 என்பது பக்கங்களின் கணக்கு. 43-ஐயும் 15.6-ஐயும் ஒப்பிட்டால்தான் நியாயம். இப்போதே பள்ளம் பாதியாகிவிட்டது.

மீதி வித்தியாசத்தில் வரையறைக்குப் பெரிய பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. "இரட்டைக் கால்வாய்" என்று எதைச் சொல்வது? கடைவாய்ப் பல் வேருக்கு ஏறும் மயிரிழைக் கிளையைச் சேர்ப்பதா? ஞானப்பல்லுக்குப் பின்னால் மேலே திரும்பும் கிளையைச் சேர்ப்பதா? முக்கியக் கால்வாயில் பாதி அகலமாவது இருந்தால்தான் கணக்கா? இவற்றில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதை வைத்து எண் இரண்டு மூன்று மடங்கு ஏறும், இறங்கும். வாக்ஸல் பெரிதாக இருந்தால் மயிரிழைக் கிளைகள் தெரியவே மாட்டா.

2011-ல் துருக்கியில் ஒரு குழு சிபிசிடியில் எண்ணியது. பக்கங்களின் கணக்கில் 46.5 சதவீதம். அதாவது துருக்கிக்காரர்கள் ஜப்பானின் முதல் குழுவுடைய எண்ணுக்கு மிக அருகில் வருகிறார்கள், இரண்டு ஜப்பான் குழுக்களும் ஒன்றுக்கொன்று தூரத்தில் நிற்கின்றன. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் "இன்ன நாட்டினருக்கு இரட்டைக் கால்வாய் அதிகம்" என்று ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

பெரிய தாடை வேறு, வேறு வடிவத் தாடை வேறு

நீளத்தையும் கோணத்தையும் மட்டும் அளந்தால் ஒரு குழப்பம் தீராது. உயரமான ஒருவரின் தாடையில் எல்லா நீளமும் கூடுதலாக இருக்கும். அது வடிவ வேறுபாடா, வெறும் பருமன் வேறுபாடா?

இதைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு தாடையிலும் ஒரே வரிசையில் இருபது முப்பது அடையாளப் புள்ளிகளைக் குறிப்பார்கள். எல்லாத் தாடைகளின் புள்ளித் தொகுப்புகளையும் கணினியில் ஒரே மையத்துக்கு நகர்த்தி, ஒரே அளவுக்குச் சுருக்கி அல்லது விரித்து, ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் பொருந்தும்வரை சுழற்றுவார்கள். இதற்குப் புரோக்ரஸ்டீஸ் பொருத்தம் என்று பெயர். இடம், பருமன், திருப்பம் மூன்றும் போய்விடும். அதற்கு மேலும் புள்ளிகள் சிதறி நிற்கின்றனவே, அதுதான் வடிவ வேறுபாடு.

ஆண் தாடை, பெண் தாடை என்ற பேச்சுக்கு இது உதவும். சராசரியில் ஆண்களின் கீழ்த்தாடை பெரியது, மேல்நோக்கிப் போகும் பகுதி உயரமானது. இதில் பெரும்பகுதி பருமன் வேறுபாடு. சராசரிகள் விலகி நின்றாலும் இரண்டு கூட்டமும் நிறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தாடை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "இது பெண்" என்று அடித்துச் சொல்லும் தடயவியல் நிபுணர் தொலைக்காட்சித் தொடரில்தான் இருப்பார்.

மக்கள் கூட்டங்களுக்கு இடையிலான வடிவ வேறுபாட்டுக்கும் எல்லாரும் எடுத்த எடுப்பில் வம்சத்தைத்தான் காரணம் சொல்வார்கள். 2011-ல் மானுடவியலாளர் நோரீன் வான் கிராமன்-டாபாடெல் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 11 மக்கள் கூட்டங்களின் தாடைகளை ஒப்பிட்டார். ஸ்கேன் இல்லை, சேகரிப்புகளில் இருந்த எலும்புகள். வேட்டையாடி, உணவு சேகரித்து வாழ்ந்தவர்களின் தாடை நீளமாகவும் ஒடுங்கியும் இருந்தது. விவசாயிகளின் தாடை குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. மென்மையான உணவைக் குறைவாக மென்றதால் தாடை நீளம் குறைந்து வளர்ந்தது, பல்லுக்கு இடம் போதாமல் நெரிசல் வந்தது என்பது அவர் எடுத்த முடிவு. எலும்பு வேலைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பொருள் என்பதை மறந்துவிட்டுத் தாடையை வம்சச் சான்றிதழ் போல வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

யாருடைய தாடை இது?

ஓர் ஆய்வில் 300 பேரின் சிபிசிடி இருக்கிறது என்றால், அந்த 300 பேர் யார்? ஆராய்ச்சிக்காக மட்டும், எந்தத் தேவையும் இல்லாதவருக்குக் கதிர் பாய்ச்சுவதை நெறிக்குழுக்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. ஓபிஜியில் உடலுக்குச் சேரும் கதிர் 20 மைக்ரோசீவர்ட் அளவில் இருக்கும். சிபிசிடியில் அது சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை போகும். மண், காற்று, வானம், உணவு இவற்றிலிருந்து இயற்கையாக நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2,400 மைக்ரோசீவர்ட். ஒரு ஸ்கேனைக் கண்டு பயப்படத் தேவையில்லை, தேவையில்லாமல் எடுத்துக்கொள்ளவும் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறார்.

அதனால் பெரும்பாலான ஆய்வுகள், ஏற்கெனவே சிகிச்சைக்காக எடுத்து வைத்த ஸ்கேன்களைத் திரும்ப எடுத்து அளக்கின்றன. அவற்றில் வருபவர்கள் இம்ப்ளான்ட் வைக்க வந்தவர்கள், சிக்கலான ஞானப்பல் உள்ளவர்கள், தாடைச் சீரமைப்புக்கு வந்தவர்கள். இம்ப்ளான்டுக்கு வந்தவருக்குப் பல் விழுந்து எலும்பு கரைந்திருக்கும். தெருவில் போகும் ஆளின் சராசரித் தாடை இதிலிருந்து வராது. நகரத்துத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி ஸ்கேன் எடுத்தவர்களை அளந்துவிட்டு "தென்னிந்தியர்களில்" என்று தலைப்பு வைப்பது ரொம்பவே நீட்டிச் சொல்வது.

படம் சொல்லாததைப் படத்திடம் கேட்பது

இரண்டு தவறான வாசிப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, எலும்பின் அடர்த்தி. மருத்துவமனை சிடியில் சாம்பல் எண்ணுக்கு ஓர் அளவுகோல் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று நிலையாக வைத்து மற்றவற்றை அளப்பார்கள். சிபிசிடியில் சிதறும் கதிர் அதிகம், தலையின் ஒரு பகுதிதான் படத்துக்குள் இருக்கிறது, பக்கத்தில் உலோகப் பல் இருந்தால் கோடு கோடாக இழுக்கும். அதே எலும்பு கருவிக்குக் கருவி, இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும். "ஸ்கேனில் அடர்த்தி 600 வந்திருக்கு, எலும்பு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றது, திரையில் சுழலும் அந்த அழகான மண்டையோடு. இன்ன சாம்பல் எண்ணுக்கு மேல் இருப்பதெல்லாம் எலும்பு என்று ஒரு கோடு கிழித்துத்தான் கணினி அதை வரைகிறது. கோட்டைக் கொஞ்சம் ஏற்றினால் மெல்லிய எலும்பில் ஓட்டைகள் தோன்றும், இறக்கினால் மூடிக்கொள்ளும். நோயாளிக்குக் காட்ட அது நல்ல படம். அளவை வெட்டுப் படங்களில்தான் எடுக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் அறையில் இந்த மில்லிமீட்டர்கள்

கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க வேண்டும். எலும்பின் உச்சியிலிருந்து நரம்புக் கால்வாயின் கூரை வரை ஸ்கேனில் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இம்ப்ளான்டின் நுனிக்கும் கால்வாய்க்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் வழக்கம். அப்படியானால் 10 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட் பொருந்தும் என்று கணக்கு வருகிறது.

அந்த 12 சாய்ந்த வெட்டில் எடுத்ததாக இருந்தால் நிஜத்தில் 11.5-ஆக இருக்கலாம். எலும்பின் உச்சி கத்தி முனை போலக் கூராக இருந்தால் அதைச் சீவிச் சமன் செய்யும்போது இன்னும் ஒரு மில்லிமீட்டர் போகும். கால்வாயின் கூரை அந்த இடத்தில் மங்கலாக இருந்தால், அங்கும் ஓரிரு வாக்ஸல் இப்படி அப்படி. போதாததற்கு, பல கருவித் தொகுப்புகளில் துளைக்கருவியின் மேல் போட்டிருக்கும் 10 என்ற கோடு அதன் கூர்நுனியைச் சேர்த்துச் சொல்வதில்லை. நுனி அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்வரை, சிலவற்றில் அதற்கும் மேலே, உள்ளே போகும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு 8 மில்லிமீட்டர் இம்ப்ளான்டை எடுக்கும் மருத்துவர் உங்களுக்குக் கிடைத்தால், "ஸ்கேன்ல 12 இருக்கே டாக்டர், ஏன் சின்னது?" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.